ராணுவ வாகன மெக்கானிக் பணிக்கு ஐ.டி.ஐ. போதுமா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவை முடித்து, லாரிப் பட்டறையில் வேலை பார்க்கும் தம் மகன் ராணுவ வாகனங்களைப் பழுதுபார்க்கும் பணிக்குப் போக விரும்புவதாகவும், அதற்கு வழி என்ன, இப்போதே எதைப் பழக வேண்டும் என்றும் கேட்கிறார்.

அம்மா, இந்திய ராணுவத்தில் இந்த வேலை 1943-இல் உருவான, ராணுவத்தின் வாகனங்களையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. (மின்னணு, இயந்திரப் பொறியாளர்) படைப்பிரிவினுடையது. பத்தாம் வகுப்பில் மொத்தம் 50 விழுக்காடும், ஆங்கிலம், கணிதம், அறிவியலில் தலா 40 விழுக்காடும் இருந்தால், இரண்டாண்டு ஐ.டி.ஐ.யோடு நான்காண்டுக்கு வீரர்களைச் சேர்க்கும் அக்னிவீர் திட்டத்தின் டெக்னிக்கல் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். வயது வரம்பை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். நான்காண்டு முடிந்ததும் அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே பணியில் தொடர்வர். எந்தப் படைப்பிரிவு, எந்த வேலை என்பதையும் ராணுவமே தீர்மானிக்கும் என்பதால், மெக்கானிக் வேலைதான் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. இதைத் தெரிந்துகொண்டே அவர் போக வேண்டும்.

அந்த வேலையேதான் வேண்டுமென்றால், ஆக்ரா, மீரட், புனே அருகிலுள்ள கிர்க்கி போன்ற இடங்களில் உள்ள ராணுவப் பணிமனைகளின் குரூப் சி வாகன மெக்கானிக் பணியையும் குறிவைக்கச் சொல்லுங்கள். இது சீருடையற்ற, குடிமக்களுக்கான பணி. அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பும் கேட்பார்கள் என்பதால், தனித்தேர்வராக அதை முடித்துவிடுவது நல்லது.

பழக வேண்டியதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். லாரி தினமும் ஓடுவதால் அதன் குறை தானாகவே வெளிப்பட்டுவிடும். ராணுவ வண்டியோ நாள்கணக்கில் நின்றுவிட்டு, அழைப்பு வந்த நொடியில் கிளம்ப வேண்டும். அதனால் வெளியே தெரியாத குறையை முன்கூட்டியே கண்டுபிடிக்க அவர் பழக வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபின் புதுச்சேரியில் மீட்புக்கு ராணுவம் வந்ததை நாம் பார்த்தோம். ஓடிச் சூடேறிய அச்சு வெள்ளத்தில் இறங்கினால், உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் தேய்ந்திருந்தால் அதன் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். வண்டி அன்றைக்கு நன்றாகவே ஓடும். சில வாரங்கள் கழித்து பேரிங் போய்விடும். ஆகவே வெள்ளத்தில் இறங்கிய வண்டி பட்டறைக்கு வந்தால், டிஃபரன்ஷியலின் (அச்சின் நடுவில் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டியின்) வடிகால் போல்ட்டைத் தளர்த்திச் சிறிது ஆயிலைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயிலை மாற்றினால் மட்டும் போதாது, சீலையும், அச்சுக்குள் காற்று போய்வரும் மூச்சுத் துளையையும் பார்க்க வேண்டும்.

பார்த்ததைத் தேதி, கிலோமீட்டர் குறித்து, மாற்றிய பாகத்தின் பெயரோடு ஒரு நோட்டில் அன்றன்றே எழுதி வரட்டும். ராணுவப் பணிமனையில் இத்தகைய பதிவு இல்லாமல் எந்த வேலையும் முடிந்ததாகாது.