சோக்கை எடுத்தால் நிற்கும் பவர் வீடர்

கேள்வி: ஐயா, என் 4 ஸ்ட்ரோக் பெட்ரோல் பவர் வீடர் மூன்று மாதம் கொட்டகையில் சும்மா கிடந்தது. இப்போது சோக் போட்டால் ஓடுகிறது. எடுத்ததும் இருமி நின்றுவிடுகிறது. ஐடிலிங் ஸ்க்ரூவை எத்தனை சுற்று வைக்க வேண்டும்? கடைக்காரர் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார். களையெடுக்கும் நேரத்தில் இப்படியாகிவிட்டது.

பதில்: முதலில் ஸ்க்ரூவை விடுங்கள். போன முறை நன்றாக ஓடிய அதே இடத்தில்தான் அது இருக்கிறது. கெட்டது உள்ளே தங்கிய பெட்ரோல். சோக் போட்டால் காற்று குறையும். அப்போது மட்டும் ஓடுகிறது என்றால், பெட்ரோல் போதவில்லை. ஒன்று ஐடில் ஜெட் (மெதுவாக ஓடும்போது பெட்ரோல் வரும் நுண்துளைப் பாகம்) அடைத்திருக்கும், இல்லை கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே கேஸ்கெட் காற்று வாங்கும். நட்டுகளை இறுக்கிப் பார்த்துவிட்டு, கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தைக் கழற்றுங்கள். பழைய பெயின்ட் வாடையோடு மஞ்சள் பிசின் படிந்திருந்தால், அதுதான் குற்றவாளி.

ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தால் ஊசிமுனை அளவுக்கு ஒளி தெரிய வேண்டும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடியுங்கள். கம்பி விட்டுக் குத்தும் மெக்கானிக்கிடம் மட்டும் கொடுக்காதீர்கள். நானும் ஒருமுறை குத்தினேன். துளை பெரிதாகி, அந்த எஞ்சின் கடைசிவரை கரும்புகைதான் கக்கியது.

அப்புறம் நீங்கள் கேட்ட ஸ்க்ரூ, அதாவது ஐடிலிங்கில் பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் ஸ்க்ரூ. ஏர் ஃபில்டரை மாட்டி, ஐந்து நிமிடம் சூடாக்கி நிறுத்துங்கள். ஸ்க்ரூ மெல்ல உட்காரும்வரை உள்ளே திருகுங்கள். எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இறுக்கினால் ஊசிமுனையில் வடு விழும். பொதுவாக ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஸ்டார்ட் செய்யலாம். ஒவ்வொரு முறையும் கால் சுற்றுக்கும் குறைவாக இருபக்கமும் திருப்பிப் பார்த்து, வேகம் விழும் இரண்டு இடங்களுக்கும் நடுவில் நிறுத்துங்கள். ஐடிலிங் வேகத்தை அதற்கான தனி ஸ்க்ரூவில் குறையுங்கள். திடீரென ஆக்சிலேட்டர் கொடுத்தால் திணறுகிறதா? பெட்ரோலைச் சற்றுக் கூட்டுங்கள். கலவை ஸ்க்ரூ எஞ்சின் பக்கம் இருந்தால் வெளியே எடுத்தால் பெட்ரோல் கூடும். ஃபில்டர் பக்கம் இருந்தால் குறையும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: வேலை முடிந்ததும் எஞ்சினை எப்படி நிறுத்துவது? சுவிட்சை அணைக்காதீர்கள். பெட்ரோல் காக்கை மூடுங்கள். கிண்ணம் வற்றித் தானாக நிற்கட்டும். ஒரு வாரம் ஓட்டப்போவதில்லை என்றாலும் இப்படியே செய்யுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கையும் காலி செய்யுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுக்கும். இதைச் சொல்லாமல் புதுக் கார்புரேட்டர் விற்பவர், அடுத்த சீசனுக்கும் ஒன்று விற்கத் தயாராகத்தான் இருப்பார்.

இப்போது டேங்கில் இருக்கும் பழசின் மேல் புதியதை ஊற்றிச் சமாளிக்க நினைக்காதீர்கள். முழுவதையும் வடித்துவிட்டுத்தான் ஸ்க்ரூவைத் தொட வேண்டும்.