நோட்டீஸில் ஒரு பெயர்

வணக்கம் ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம், எங்கள் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் நிர்வாகத்தில் இருக்கிறேன். சித்திரையில் திருவிழா. கோயிலில் வருஷக்கணக்காகப் பூ வேலை செய்யும் ஒரு திருநங்கையை இந்த முறை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். மார்ச் 31 அவர்களுக்கான நாளாம், அதையொட்டி வந்த யோசனை. எனக்கு அதன் மேல் வெறுப்பு கிடையாது. அதுவும் பாவம், அதுக்கு ஒரு கஷ்டம் என்றால் உதவலாம். ஆனால் கொண்டாட்டம் எதற்கு? இத்தனை வருஷம் அது உண்டு, அதன் வேலை உண்டு என்று அமைதியாகத்தானே இருந்தது? சின்னப் பிள்ளைகள் பார்க்கும் மேடை வேறு. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள ஐயா,

மனசில் உள்ளதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. நானும் ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தச் சின்னக் கடிதத்தில் அவரை ஐந்து இடத்தில் 'அது' என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டுமென்று எழுதவில்லை என்று தெரியும். தோட்டத்தில் நாம் எல்லோரும் அப்படிப் பேசித்தான் வளர்ந்தோம். கைக்குழந்தையையும் 'அது' என்று கொஞ்சுவோம், ஆனால் இது அந்த 'அது' இல்லை.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயரையும் தெய்வத்தைக் குறிக்கும் பெயரையும் ஒரே சூத்திரத்தில் வைக்கிறார். இரண்டுக்கும் தனி விகுதி கிடையாது, உயர்திணை முடிவே வரும் என்கிறார். அம்மனுக்கு மாலை கட்டுகிறவரும் அந்த அம்மனும் இலக்கணத்தில் ஒரே வரிசையில் இருக்கிறார்கள். அஃறிணைக்குத் தள்ளியது பிற்பாடு நாம் செய்த வேலை.

அமைதியாகத்தானே இருந்தார் என்கிறீர்கள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், கடைசி வீட்டில் ஒரு தையல்கார அக்கா இருந்தார், அவரும் திருநங்கைதான். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவார், மதியத்துக்கு மேல் தையல் மெஷின். என் அக்காவின் சடங்குக்கு ரவிக்கை தைத்தவர் அவர்தான். நாடா கிடையாது, விரலை விரித்துச் சாண் போட்டு அளவு பார்ப்பார். கச்சிதமாக இருக்கும். அம்மா அவரைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். சடங்கன்று பந்தலில் ஊரே உட்கார்ந்து சாப்பிட்டது. அவர் குசினி வாசலில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போனார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. உள்ளே வந்து உட்கார் என்று யாரும் சொல்லவும் இல்லை. அம்மாவும் சொல்லவில்லை. அதற்குத்தான் அமைதி என்று பெயர் வைத்திருந்தோம்.

அப்புறம் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்தை உடைத்தார்கள், எல்லோரும் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, வந்துவிட்டோம். சில வருஷத்துக்கு முன் சர்க்கரைக்கு மருந்து எடுக்க அவரை ஒரு கிளினிக்குக் கூட்டிப் போனேன். நம் ஐசியின், அதாவது அடையாள அட்டையின், கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். அவருடையது ஒற்றைப்படை. கவுண்டரில் ஆண்களுக்குப் போடும் 'என்சிக்' போட்டு, அவர் விட்டுவிட்ட பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். அவர் எழவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவை எழுந்து, முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு நடந்தார். பத்தடி தூரம் இருக்கும். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்களை ஊரே பார்க்கத்தான் செய்கிறது ஐயா. சொந்தப் பெயரோடு, நம்மில் ஒருவராகப் பார்க்கத்தான் ஆளில்லை.

மார்ச் 31 பற்றியும் சொல்லிவிடுகிறேன். திருநர்கள் வெளியில் தெரிவதைக் கொண்டாடும் நாள் அது. 2009இல் மிச்சிகனைச் சேர்ந்த ரேச்சல் கிராண்டல் என்ற திருநங்கை அதைத் தொடங்கினார். அதற்கு முன்பே நவம்பர் 20 என்று ஒரு நாள் இருந்தது. கொலையுண்ட திருநர்களை நினைத்து அழுகிற நாள் அது. உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு நாள் வேண்டாமா என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நமக்கும் அது தூரத்துச் சங்கதி இல்லை. 2017 பிப்ரவரியில் குவாந்தானில் திருநங்கை சமீரா கிருஷ்ணன் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 26. அந்தப் பெயரைச் செய்தியில் பார்த்துத்தான் நம்மில் பலர் தெரிந்துகொண்டோம். தமிழ்நாட்டில் 2011 முதல் ஏப்ரல் 15ஐத் திருநங்கையர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள், உங்கள் திருவிழா மாதத்திலேயே வருகிறது.

சின்னப் பிள்ளைகள் பார்க்கும் மேடை என்கிறீர்கள். அதனால்தான் வேண்டும் என்கிறேன். 'பொண்டான்' என்ற இழிவான வார்த்தையைப் பள்ளித் திடலில் தினமும் கேட்டு, தன்னைத்தான் சொல்கிறார்களோ என்று குறுகிப்போகிற பிள்ளை ஒன்று அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம். பெரியவர்கள் எழுந்து நின்று ஒரு திருநங்கைக்குக் கை கூப்புவதை அந்தப் பிள்ளை ஒரு தடவையாவது பார்க்கட்டும்.

ஆனால் இளைஞர்களிடம் எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. அவரிடம் கேட்டார்களா? கேட்டதாக உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. மேடையில் எடுக்கிற படம் அன்று ராத்திரியே எல்லார் போனுக்கும் போய்விடும். கீழே யார் என்ன எழுதுவார்கள் என்று உங்களுக்கும் தெரியும். 2018இல் ஜார்ஜ் டவுன் விழாக் கண்காட்சியில் நிஷா ஆயூப் தேசியக் கொடியோடு நிற்கும் படம் இருந்தது. 2016இல் அமெரிக்க அரசு வீரப் பெண்மணி விருது கொடுத்த நம் நாட்டுத் திருநங்கை அவர். அந்தப் படத்தையே சுவரிலிருந்து கழற்ற வைத்தார்கள். வெளியில் தெரிவதற்கு விலை கொடுக்கப்போகிறவர் உங்கள் கோயிலில் பூ வேலை செய்கிறவர், அதனால் முடிவும் அவருடையதாக இருக்கட்டும். மேடை வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

மேடை ஏறினாலும் ஏறாவிட்டாலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. திருவிழா நோட்டீஸில் 50 ரிங்கிட் உபயம் கொடுத்தவர் பெயரைக்கூடப் போடுகிறோம். விடிய விடிய உட்கார்ந்து மாலை கட்டுகிறவர் பெயர் இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது வந்திருக்கிறதா? 'பூ அலங்காரம்' என்று ஒரு வரி போட்டு, பக்கத்தில் அவர் பெயரைப் போடுங்கள். அன்னதானப் பந்தியில் உங்கள் குடும்பத்தோடு உட்கார வையுங்கள்.

இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள், உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தப் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள், எழுத்துப்பிழை வரக் கூடாது. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பினால் சரி பார்த்துத் தருகிறேன். திருவிழாவுக்கு நானும் வருகிறேன்.