எம்.எஸ். இருப்பவர் திருகோணமலை வெயிலைச் சமாளிப்பது எப்படி?

கேள்வி: அக்காவுக்கு மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோய் என்று உறுதியாகிவிட்டது. மத்தியானம் கடைக்குப் போய் வந்தாலே கண் மங்குகிறது, கால் இழுக்கிறது. நோய் முற்றுகிறதா?

பெரும்பாலும் இல்லை. இந்த நோயில் நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை பழுதாகிறது. அப்படிப்பட்ட நரம்பு, உடல்சூடு அரைப் பாகை ஏறினாலே செய்தியைக் கடத்தத் தடுமாறும். ஊத்தோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890இலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். உடம்பு குளிர்ந்ததும் பழையபடி ஆகிவிடும். புதுச் சேதம் எதுவும் இல்லை.

ஆகவே நேரத்தை மாற்றுங்கள். கோணேஸ்வரத்துக்கு விடியவே ஏறட்டும். சந்தைக்குப் போவதும் வெயில் ஏறுமுன் முடியட்டும். கழுத்தில் ஈரத் துவாய், கையில் குளிர்ந்த தண்ணீர். அடுப்படியில் கதிரை போட்டு, காற்றாடியைப் பக்கத்தில் வையுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணற்றுக் குளியல் மட்டும் வேண்டாம், யார் வற்புறுத்தினாலும் (நம் சனம் கட்டாயம் வற்புறுத்தும்).

அப்புறம், களைப்பு. வெளியே தெரியாது, ஆனால் இந்த நோயின் பெரிய தொல்லையே அதுதான். சோம்பல் என்று வீட்டில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிய அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சலும் சிறுநீர்த் தொற்றும்கூடப் பழைய அறிகுறிகளைக் கிளப்பும். அதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.