வாக்கமா பழங்குடியினர் யார்? இன்றும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், அதே மண்ணில். அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களில் ஓடும் வாக்கமா ஆற்றையும் பீ டீ ஆற்றையும் ஒட்டிய சதுப்புக் காடுகள்தான் இவர்களுடைய பூர்வீகம். மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி பயிரிட்டார்கள், மான் வேட்டையாடினார்கள், அப்புறம் மீன். பெரிய மரத்தைக் குடைந்து ஓடம் செய்வது இந்தப் பகுதியின் பழைய கைவேலை. வாக்கமா ஏரியின் அடியில் 2021இல் சிறுவர்கள் கண்ணில் பட்டு 2023இல் வெளியே எடுக்கப்பட்ட ஓடம் சுமார் 28 அடி நீளம், ஏறக்குறைய 1,000 ஆண்டுப் பழமை! அந்த ஏரியே வானிலிருந்து எரிந்து விழுந்த ஒரு நட்சத்திரத்தால் உண்டானது என்பது இவர்கள் கதை, அதனால்தான் தங்களை 'விழும் நட்சத்திரத்தின் மக்கள்' என்கிறார்கள்.

1715இல் ஆங்கிலேயர் எடுத்த கணக்கில் 4 ஊர்கள், 610 பேர். 1720இல் தென் கரோலினா குடியேறிகளோடு நடந்த போரில் பலர் கொல்லப்பட்டார்கள் அல்லது பிடிபட்டார்கள். மொழியும் போய்விட்டது, எனக்கு இதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது. அது சூவன் என்ற வட அமெரிக்கப் பழங்குடி மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று கருதுகிறார்கள், அவ்வளவுதான்.

சரி, இப்போது? வட கரோலினா 1971இலும் தென் கரோலினா 2005இலும் தங்கள் எல்லையில் உள்ள வாக்கமா சமூகங்களை அங்கீகரித்தன.