சங்கம் ஸ்ட்ரைக் போனால் என் விசா என்ன ஆகும்?

கேள்வி: இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. எச்-1பி விசா வரும் ஜனவரி 31 வரை. ஆசிரியர் சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் உள்ள ஒப்பந்தம் ஆகஸ்ட் 15-ல் முடிகிறது. புது ஒப்பந்தத்துக்கான பேச்சு இழுத்துக்கொண்டே போகிறது, ஸ்ட்ரைக் வரலாம் என்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்தால் சம்பளம் நின்றுவிடுமா? நான் ஸ்ட்ரைக்கில் சேரலாமா? ஊரில் அப்பா, அரசுக் கல்லூரியில் ஓய்வு பெற்றவர், "17(பி) வாங்கிக்கொண்டு வந்து நிற்காதே" (தமிழ்நாட்டு அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கை மெமோ) என்கிறார்.

பதில்: அப்பாவின் பயம் அவர் பார்த்த ஊரின் பயம். 2019-ல் தமிழ்நாட்டு ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய போராட்டத்தில் எத்தனை பேருக்கு 17(பி) மெமோ போனது என்பது அவருக்கு நினைவிருக்கும். இங்கே கணக்கு வேறு. தமிழ்நாட்டில் உங்கள் சம்பளம் அரசாணையில் இருக்கும். இல்லினாய்ஸில் அது சங்கமும் நிர்வாகமும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. அந்த மாநிலச் சட்டப்படி அரசுப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஸ்ட்ரைக் செய்யலாம். ஆனால் பழைய ஒப்பந்தம் முடிந்திருக்க வேண்டும், மத்தியஸ்தர் வைத்துப் பேசியும் தீராமல் இருக்க வேண்டும், 10 நாள் முன்பே நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். அதனால் ஒரு காலையில் எழுந்து பார்த்தால் ஸ்ட்ரைக் என்று நடக்காது. (நியூயார்க் மாநிலத்தில் இருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். அங்கே டெய்லர் சட்டப்படி அரசு ஊழியர் ஸ்ட்ரைக்கே கூடாது. மீறினால் ஒரு நாளுக்கு இரண்டு நாள் சம்பளம் பிடிப்பார்கள்.)

ஆகஸ்ட் 16 காலையில் எதுவும் நிற்காது. புது ஒப்பந்தம் வரும் வரை பழைய சம்பளம், மருத்துவக் காப்பீடு, வகுப்புச் சுமை எல்லாம் அப்படியே ஓடும். பேச்சு நடக்கும்போது நிர்வாகம் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. வராமல் போவது புது உயர்வுதான். சிகாகோவில் உள்ள இல்லினாய்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 2022 ஆகஸ்டிலிருந்து ஒப்பந்தம் இல்லாமலே பாடம் நடத்தி, 2023 ஜனவரியில் சில நாள் ஸ்ட்ரைக் செய்து முடித்துக்கொண்டார்கள்.

பேச்சு ஏன் இழுக்கிறது என்று எரிச்சல் வரும். நான் மூன்று முறை சங்கத்தின் குழுவில் குறிப்பெடுப்பவனாக உட்கார்ந்திருக்கிறேன். முதல் சில மாதங்கள் பார்க்கிங், அலுவலக அறை, புகார் நடைமுறை என்று சின்னப் பிரிவுகளாகப் பேசி, ஒவ்வொன்றிலும் இரு தரப்பும் சுருக்கொப்பம் போடும். சம்பளத்தைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். கடைசி இரவில் நிர்வாகத்தின் வக்கீல் "ஐந்து நிமிடம், தனியாகப் பேசிவிட்டு வருகிறோம்" என்று எழுந்து போவார். ஒரு தடவை அந்த ஐந்து நிமிடம் மூன்றே கால் மணி நேரம் ஆனது. திரும்பி வந்தபோது ஒரே ஒரு தேதி மட்டும் மாறியிருந்தது.

அந்தத் தேதியை அற்பமாக நினைக்காதீர்கள். எல்லோரும் சதவீதத்தைப் பார்ப்பார்கள், நான் முதலில் பார்ப்பது "எந்த நாளிலிருந்து" என்ற வரியை. கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது 23 வளாகங்கள், சுமார் 29,000 ஆசிரியர்கள். சங்கம் கேட்டது 12 சதவீதம். 2024 ஜனவரியில் நிர்வாகம் பேச்சை முறித்து, ஜனவரி 31 முதல் 5 சதவீதம், அவ்வளவுதான் என்றது. ஜனவரி 22-ல் ஒரு வார ஸ்ட்ரைக் தொடங்கியது. அன்று இரவே உடன்பாடு வந்துவிட்டது. முதல் வருடத்துக்கு அதே 5 சதவீதம்தான், ஆனால் 2023 ஜூலை 1 முதல், அரியர்ஸோடு. மாதம் 6,000 டாலர் வாங்குபவருக்கு 300 டாலர் உயர்வு, ஏழு மாதத்துக்கு 2,100 டாலர். சதவீதம் மாறவே இல்லை, பணம் மாறிவிட்டது. அடுத்த வருடத்துக்கும் ஒரு 5 சதவீதம் எழுதினார்கள். அதில் ஒரு கொக்கி: மாநில அரசு பல்கலைக்கழகத்துக்கான அடிப்படை நிதியைக் குறைக்காமல் இருந்தால் மட்டும். இதுவா வெற்றி என்று பலர் கொதித்தார்கள். கடைசியில் 76 சதவீதம் பேர் ஆதரித்து வாக்களித்தார்கள். உங்கள் சங்கம் வாக்கெடுப்புக்கு அனுப்பும்போது தேதியையும் "நிதி வந்தால்" போன்ற வார்த்தைகளையும் பென்சிலால் வட்டமிட்டுப் படியுங்கள். ஒப்பந்தம் எல்லோருக்கும் பொருந்தும், ஆனால் வாக்கு சந்தா கட்டும் உறுப்பினருக்குத்தான். சேர்வது கட்டாயம் இல்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் ஜேனஸ் வழக்கில் அரசு ஊழியர் யாரும் சங்கத்துக்குப் பணம் கட்டத் தேவையில்லை என்றது. நானாக இருந்தால் சேர்ந்துவிடுவேன்.

ஸ்ட்ரைக் நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. காப்பீடு பற்றிச் சங்கத்திடம் எழுத்தில் கேட்டு வையுங்கள். 2023-ல் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரைக் செய்த ஆராய்ச்சி மாணவர்களின் கட்டணச் சலுகையையும் காப்பீட்டையும் நிர்வாகம் நிறுத்தியது. அதனால் மருந்து மாத்திரை இருந்தால் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

சரி, விசா. ஸ்ட்ரைக்கில் கலந்துகொண்டார் என்ற ஒரே காரணத்துக்காக எச்-1பி நிலை முறியாது, குடிவரவு விதியிலேயே அப்படி எழுதியிருக்கிறது. ஆனால் அதற்காக ஜனவரி 31 என்ற தேதி ஒரு நாளும் நீளாது. உண்மையான சிக்கல் நீட்டிப்பில்தான். நீட்டிப்பு மனுவுக்கு முன்பாகப் பல்கலைக்கழகம் தொழிலாளர் துறைக்கு ஓர் உறுதிமொழி விண்ணப்பம் போட வேண்டும். அதில் "இந்த வேலையில், இந்த இடத்தில் ஸ்ட்ரைக் இல்லை" என்று கையெழுத்திட வேண்டும். ஸ்ட்ரைக் நடக்கும்போது அந்தக் கையெழுத்தைப் போட முடியாது. விசா முடிவதற்கு ஆறு மாதம் முன்பிலிருந்து மனு போடலாம், உங்களுக்கு அது ஜூலை 31. ஒப்பந்தம் முடிவதற்கு இரண்டு வாரம் முன்பே. பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு இந்த வாரமே மின்னஞ்சல் அனுப்பி, தாள்களை ஜூன் மாதமே கொடுத்துவிடுங்கள். தொழிலாளர் துறை ஏழு வேலை நாள் எடுக்கும். கோடையில் அந்த அலுவலகத்தில் பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள்.