தங்கை கணவர் வீட்டில் இறந்தால்: வழக்கில் எது நிற்கும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அண்ணன் கேட்கிறார்: 2021-இல் தங்கையைத் தஞ்சாவூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். 2024 நவம்பரில் கணவர் வீட்டில் தற்கொலை செய்துகொண்டாள். நாங்கள் தோட்டத்து ஆட்கள். மாப்பிள்ளை கேட்டபோதெல்லாம் கடன் வாங்கிப் பணம் அனுப்பினோம். அவள் அழுதுகொண்டே அனுப்பிய குரல் பதிவுகள் என் ஃபோனில் இருக்கின்றன. அங்கே போலீஸ் சந்தேக மரணம் என்று எழுதியதோடு சரி. தூண்டியதாக நிரூபிக்க முடியுமா?

முடியும், ஐயா. ஆனால் வழி நீங்கள் நினைப்பதைவிடச் சற்று வேறு.

மரணம் 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்ததால் இந்தியாவின் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். தற்கொலைக்குத் தூண்டியதற்குப் பிரிவு 108, பத்தாண்டு வரை சிறை. மனைவியைக் கொடுமைப்படுத்தியதற்குப் பிரிவு 85, மூன்றாண்டு வரை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 306-உம் 498ஏ-வும்தான் இவை.

கொடுமையைக் காட்டிவிட்டால் தூண்டலும் தானாக நிரூபணமாகிவிடும் என்றே பல குடும்பங்கள் நம்புகின்றன. அப்படியல்ல. ரமேஷ் குமார் வழக்கில் (2001) உச்ச நீதிமன்றம் கணவரின் கொடுமைக் குற்றத்தை உறுதிசெய்தது, தூண்டல் குற்றத்திலிருந்து விடுவித்தது. கோபத்தில், விளைவை எண்ணாமல் வாயில் வந்த சொல் தூண்டல் ஆகாது என்றது. கல்யாணமாகி ஏழாண்டுக்குள் தற்கொலை நடந்து, கொடுமையும் நிரூபணமானால் தூண்டலை நீதிமன்றம் அனுமானிக்கலாம். அனுமானித்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்தப் பணம்தான். பணமோ நகையோ கேட்டு, சாவுக்குச் சற்று முன்பு வரை துன்புறுத்தியிருந்தால் அது வரதட்சணை மரணம், பிரிவு 80. தற்கொலையானாலும் இது பொருந்தும். குறைந்தது ஏழாண்டு சிறை, ஆயுள் வரை போகலாம். இங்கே அது வரதட்சணை மரணம் என்று நீதிமன்றம் அனுமானித்தே ஆக வேண்டும். மறுத்து நிரூபிப்பது குற்றம்சாட்டப்பட்டவரின் பாடு. ஆகவே பணம் அனுப்பிய ரசீதுகளையும் அடகுச் சீட்டுகளையும் தேதிவாரியாக அடுக்கி, எந்தக் குரல் பதிவுக்குப் பின் எந்தத் தொகை போனது என்று பக்கத்தில் எழுதுங்கள். கடைசி வாரங்களின் பதிவுகள்தான் உயிர்நாடி.

இறந்தவர் சொன்னதைப் பிறர் சொல்லலாமா என்று எதிர்த்தரப்பு கேட்கும். மரணத்துக்கு இட்டுச்சென்ற சூழ்நிலை பற்றி இறந்தவர் சொன்னது சாட்சியாகும். மரணத்தின் காரணமே கேள்வியாக உள்ள வழக்கில், அதைக் கொடுமைக் குற்றத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அந்த ஃபோனை மட்டும் மாற்றிவிடாதீர்கள், கடையில் கொடுத்துவிடாதீர்கள். மூல ஃபோனையே நீங்கள் நீதிமன்றத்தில் காட்டிச் சாட்சி சொன்னால் மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் தேவையில்லை. பென்டிரைவில் கொடுத்தால் புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63 சான்றிதழ் கட்டாயம்.

அப்புறம், வாக்குமூலம். "எல்லோரும் கொடுமைப்படுத்தினார்கள்" என்று மொத்தமாகச் சொன்னால் வழக்கு அங்கேயே தளர்ந்துவிடும். மாமியார் சொன்னது என்ன, கணவர் செய்தது என்ன, எந்த மாதம், பிரித்துச் சொல்லுங்கள். தொடர்பில்லாத நாத்தனாரை ஆத்திரத்தில் இழுக்க வேண்டாம். போலீசிடம் முதலில் சொல்லாத முக்கியமான ஒன்றை நீதிமன்றத்தில் சொன்னால், குறுக்கு விசாரணை அதையே பிடித்துக்கொள்ளும்.

ஏழாண்டுக்குள் இறந்திருப்பதால் கோட்டாட்சியர் விசாரணை நடந்திருக்க வேண்டும். உங்கள் பெற்றோரின் வாக்குமூலம் அதில் ஏறியதா என்று கேளுங்கள். புகாரை மின்னஞ்சலில் அனுப்பலாம், மூன்று நாளில் கையொப்பமிட வேண்டும். அங்கே ஒரு வக்கீலை முதலிலேயே அமர்த்தி அந்தக் கையொப்பத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நிலையம் அசையாவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள், அதன் பிறகு மாஜிஸ்திரேட்டிடம் மனு.