பாடப் போன பிரதமர் மகன்

கேள்வி: இறந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஆப்கானியர்கள் பாடகர் அகமது ஸாஹிரை விடாமல் கேட்கிறார்களே, அப்படி என்ன விசேஷம்?

பதில்: குரல்தான் முதலில். ஆனால் அந்தக் குரல் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதும் முக்கியம். அந்தக் காலத்துக் காபூலில் இசை என்பது பெரும்பாலும் கராபாத் பேட்டைக்காரர்களின் குலத்தொழில். அவர்களில் பலர், 19ஆம் நூற்றாண்டில் அரசவைக்காக இந்தியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட வித்வான்களின் வம்சம். கல்யாணத்தில் அவர்கள் பாட்டைக் கேட்டு மற்றவர்கள் உருகுவார்கள். சம்பந்தம் என்று பேச்சு வந்தால் யோசிப்பார்கள்.

ஸாஹிரோ பெரிய இடத்துப் பிள்ளை. 1946இல் பிறந்தவர். அப்பா டாக்டர் அப்துல் ஸாஹிர், 1971-72இல் நாட்டின் பிரதமர். மகன் ஹபீபியா பள்ளியில் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு பாட ஆரம்பித்து, 'ஹபீபியாவின் புல்புல்' என்று பெயர் வாங்கிவிட்டார். அப்புறம் காபூல் வானொலி, கச்சேரி, கேசட் என்று நிற்கவே இல்லை. மேல்நாட்டுப் பத்திரிகைகள் அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியை நினைத்து, 'ஆப்கானிஸ்தானின் எல்விஸ்' என்று எழுதும். கிருதாவைப் பார்த்து எழுதியிருப்பார்கள். மார்பில் அக்கார்டியன், பின்னால் டிரம்ஸ், பாடுவது பழைய பாரசீகக் கவிகள் ஹாபிஸும் ரூமியும். எல்விஸ் இதில் எங்கே வருகிறார்?

கேள்வி: அவரைக் கொன்றுவிட்டார்கள் என்பது உண்மையா?

பதில்: 1979 ஜூன் 14. அன்று அவருக்கு 33 வயது நிறைகிறது. காபூலுக்கு வடக்கே, சாலாங் கணவாய்ப் பக்கம் மரணம். கார் விபத்து என்றது அரசு. ஊர் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. முந்தைய வருஷம் ஏப்ரலில் ஆட்சியைப் பிடித்த கம்யூனிஸ்டுகளுக்கு அவர் பாட்டு சில கசந்தது. காதல் விவகாரம் என்று இன்னொரு கதையும் உலவுகிறது. நிரூபணமாகாததை நான் தீர்ப்பாக எழுத மாட்டேன்.

அவர் போன பிறகு நடந்ததற்குச் சாட்சிகள் உண்டு. 1996இல் காபூலைப் பிடித்த தாலிபன்கள் இசையைத் தடை செய்தார்கள். பறித்த கேசட்டுகளிலிருந்து நாடாவை உருவி, சோதனைச் சாவடிக் கம்பங்களில் தொங்கவிட்டார்கள். ஸாஹிரின் சமாதியையும் உடைத்தார்கள். பின்னால் ரசிகர்கள் எடுத்துக் கட்டினார்கள். 2021இல் தாலிபன்கள் திரும்பி வந்ததும் பொது இடத்தில் பாட்டுக்கு மறுபடி தடை.

கேள்வி: பாரசீகம் தெரியாதவன் அவரை எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

பதில்: வானொலிக்காகப் பதிவான பாட்டுகளில் ஆரம்பியுங்கள். டிரம்பெட்டும் கிதாருமாக முழு வாத்தியக் குழு இருக்கும், மெட்டு சட்டென்று ஒட்டிக்கொள்ளும். காது பழகியதும் 'மஜ்லிஸி' என்கிற வீட்டுக் கூட்டப் பதிவுகளுக்கு வாருங்கள். என் ஓட்டு இவற்றுக்குத்தான். ஆர்மோனியம், தபலா, சுற்றி நண்பர்கள். ஒலித்தரம் சுமார், நடுவே யாரோ பேசுவதுகூடக் கேட்கும். அவர் பாட்டுக்குப் பாடிக்கொண்டே போவார். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.